தக்காளிச் சாலையும் ஓர் ஊசித்துளையும்

அதியமான்கோட்டையில் பிரிந்து பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் சாலை, தக்காளி சீசனில் சரியாகத் தூங்குவதில்லை. கோழி கூவும் முன்பே, பக்கத்துக் கிராமங்களிலிருந்து மொபெட்டுகள் ஒவ்வொன்றாகச் சாலை ஏறுகின்றன. முன்னால் ஒரு கிரேட், பின்னால் இரண்டு கிரேட், நடுவே ஒரு விவசாயி. எல்லாம் பாலக்கோடு மார்க்கெட்டுக்குத்தான்.

இந்த வண்டிகளின் சொந்த ஊரும் இதே சாலையின் மறுமுனைதான். 1980-ல் டி.வி.எஸ். 50 மொபெட் வெளிவந்தது ஓசூர் ஆலையிலிருந்து. அப்போது ஓசூர் தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோதுதான் பிரிந்துபோனது. பின்னாளில் வந்த எக்ஸ்.எல். சூப்பர், சுமார் 70 சி.சி. டூ ஸ்ட்ரோக் வண்டி. உர மூட்டை, பால் கேன், புல்லுக்கட்டு என்று எதை ஏற்றினாலும் முகம் சுளிக்காது. காளை மாடு விற்ற பல வீடுகளில், அந்த இடத்தில் இப்போது நிற்பது இதுதான்.

அந்த வண்டி காலை நாலு மணிக்கு ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்? அந்த நேரத்தில் எந்த மெக்கானிக் கடையும் திறந்திருக்காது. பறித்த தக்காளி காத்திருக்காது. மார்க்கெட் விலையும் காத்திருக்காது. பெரும்பாலும் காரணம், கார்பரேட்டருக்குள் தலைமுடி அளவில் இருக்கும் ஒரு துளையின் அடைப்புதான்.

கரும்பு வயலிலிருந்து டேங்குக்கு

பாலக்கோட்டிலும் அரூர் பக்கம் கோபாலபுரத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உண்டு. கரும்பும் அதன் கழிவுப்பாகும் எத்தனாலுக்கு மூலப்பொருள் என்பது கரும்பு விவசாயிகளுக்குத் தெரிந்த சேதி. 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமாகி, இப்போது பரவலாகக் கிடைக்கிறது. கரும்புக்கு அது நல்லது. ஆனால், பழைய வண்டிக்குக் கொஞ்சம் கவனம் தேவை. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். நீர் அதிகமானால் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர் ஓ-ரிங், குழாய்களை ஊதவைக்கவும் வெடிக்கவைக்கவும் செய்யும். டூ ஸ்ட்ரோக் வண்டியில் இன்னொரு தொல்லை: நாள்கணக்கில் நிறுத்திவைத்தால் பெட்ரோல் ஆவியாகி, அதில் கலந்த ஆயில் மட்டும் பிசினாகத் தங்கிவிடும்.

திண்ணையில் ஒரு மாலை

இந்தப் பக்கத்து வீடுகளில் பலர் இந்த வேலையைத் தாங்களே செய்துகொள்கிறார்கள். வேண்டியவை ஒரு ஸ்பேனர், அளவான ஸ்க்ரூ டிரைவர், அகலமான தட்டு, சைக்கிள் பம்ப். அடுப்பும் பீடியும் பக்கத்தில் இருக்கக் கூடாது. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோல் டேப்பை மூடி, குழாயைக் கழற்ற வேண்டும். மேல் மூடியைத் திருகினால், ஆக்ஸிலேட்டர் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று அப்போதே குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு கார்பரேட்டரை இறக்கி, அடியிலுள்ள கிண்ணத்தைத் திறந்தால் மிதவை தெரியும். மிதவையின் பின்னை மெல்லத் தள்ளினால், அதன் கீழிருக்கும் சிறிய ஊசி வால்வும் கையில் வரும். கடைசியாகப் பித்தளை ஜெட்டுகள். பித்தளை மென்மையானது, பொருந்தாத ஸ்க்ரூ டிரைவர் போட்டால் காடி மழுங்கிவிடும்.

உலோகப் பாகங்களை கார்பரேட்டர் கிளீனரிலோ பெட்ரோலிலோ ஊறவைத்துக் கழுவலாம். ரப்பர் பாகங்களை ஊறவைக்கக் கூடாது. ஜெட்டைக் குண்டூசியால் குத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. துளை சற்றே பெரிதானாலும் பெட்ரோல் கூடுதலாகப் போகும், வண்டி புகையும். பம்ப் காற்றால் ஊதினாலே போதும். போகாத அடைப்புக்கு, ஒயரிலிருந்து உரித்த ஒற்றைச் செம்பு இழை. வாயால் ஊதவும் உறிஞ்சவும் வேண்டாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும்.

கோளாறைப் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடலாம். ஐடிலில் நிற்காமல் அணைந்தால் பைலட் ஜெட். சுமையோடு மேட்டில் இழுக்காவிட்டால் மெயின் ஜெட். பெட்ரோல் ஒழுகினால் மிதவையின் ஊசி வால்வு. வால்வின் முனையில் வளையமாகத் தேய்மானம் தெரிந்தால் அதை மாற்றிவிட வேண்டும். ரிப்பேர் கிட்டில் கேஸ்கெட்டோடு சேர்ந்தே கிடைக்கும்.

மாட்டும்போது ஏர் ஸ்க்ரூவை மெதுவாக முழுக்க மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து தொடங்கலாம். இன்ஜின் சூடான பிறகு, சத்தம் சீராகும் இடத்தில் நிறுத்த வேண்டும். இன்ஜினோடு சேரும் இணைப்பில் காற்று புகுந்தால் பெட்ரோலும் ஆயிலும் குறைந்து பிஸ்டன் ஜாமாகிவிடும். அங்கே பழைய கேஸ்கெட்டை நம்ப வேண்டாம். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யாமல் விட்டால், செம்மண் தூசு செய்த வேலையையெல்லாம் வீணாக்கிவிடும்.

வத்தல்மலையின் பாடம்

தருமபுரிக்கு அருகே வத்தல்மலைக்கு ஏறும் சாலையில் இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகள். மேலே காபி, மிளகு, சாமை. அங்கே காற்று கொஞ்சம் மெலிவு. பெட்ரோல் அளவு மட்டும் பெரிதாக மாறாததால் கலவை கெட்டியாகி, ப்ளக் கறுக்கும். மலையிலேயே ஓடும் வண்டிக்கு ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாற்றுவதுண்டு. அதே நாளில் கீழே இறங்கும் வண்டிக்கு அது ஆகாது. சமவெளியில் பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதித்துவிடும்.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்த பிறகு வெளிவரும் எக்ஸ்.எல். 100 வண்டிகளில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். அவற்றில் கார்பரேட்டர் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்வது இத்தனை சுலபமல்ல. பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு பழக்கம் போதும்: ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால், பெட்ரோல் டேப்பை மூடி, இன்ஜின் தானாக அணையும் வரை ஓடவிட வேண்டும். கிண்ணம் காலியாக இருந்தால் பிசின் படியாது.

அடுத்த பறிப்பு நாளில், இருட்டில் ஒரே மிதியில் வண்டி ஸ்டார்ட் ஆகும். மூன்று கிரேட் தக்காளியும் நேரத்துக்குப் பாலக்கோடு போய்ச் சேரும்.