ஆக்னஸ் ரீச்சருக்கு ஒரு மடல்

அன்புள்ள ஆக்னஸ் மக்பெயில் ரீச்சருக்கு,

எங்கள் ஊரில் ஒருமுறை ரீச்சரானவர் கடைசிவரை ரீச்சர்தான், பிறகு எந்தக் கதிரையில் போய் இருந்தாலும். அந்த உரிமையில் உங்களையும் அப்படியே கூப்பிடுகிறேன்.

கனடாக் குடியுரிமைச் சோதனைக்குப் படித்தபோதுதான் உங்கள் பெயரைப் பாடமாக்கினேன். விவசாயி, ஆசிரியை, 1921 இல் தெரிவான முதல் பெண் எம்.பி. பிறகு 2017 இல் வந்த நினைவுப் பத்து டொலர் தாளில் நான்கு முகங்களுக்குள் ஒரே பெண்ணாக உங்களைக் கண்டேன். ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கில்லை. 1940 இல் தோற்றீர்களே, அதற்குப் பிறகு நடந்ததற்கு.

ஐந்து தேர்தல் வென்று ஒட்டாவாவில் பத்தொன்பது வருடம் இருந்தவர் நீங்கள். தோற்றபோது வயது ஐம்பது, ஓய்வூதியமும் இல்லை. பத்திரிகைக்கு எழுதிப் பிழைத்தீர்கள். 1943 இல் யோர்க் ஈஸ்ட் தொகுதியில் நின்று ஒன்ராறியோ மாகாண சபைக்குள் போனீர்கள். அங்கே தெரிவான முதல் இரண்டு பெண்களில் ஒருவர். பெரிய சபையில் இருந்தவர் சின்னச் சபைக்குப் போனால் எங்கள் ஆட்கள் 'இறங்கிப் போட்டார்' என்பார்கள். 1945 இல் மறுபடி தோல்வி, 1948 இல் மறுபடி வெற்றி. உங்களுக்கு வெட்கமே இல்லை ரீச்சர், நல்ல காலம்!

ரீச்சர்மாருக்குப் பின்வாங்குப் பிள்ளையில் எப்போதும் ஒரு கண் இருக்கும். ஒட்டாவாவில் அந்தக் கண் கிங்ஸ்டன் சிறைச்சாலைக்குள் போய்ப் பார்த்தது. மாகாண சபையில் அது பெண்களின் சம்பளக் கடதாசிக்கு வந்தது. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்ற ஒன்ராறியோவின் முதல் சட்டம் 1951 இல் நிறைவேறியதில் உங்கள் விடாப்பிடிக்குப் பெரும் பங்குண்டு.

அது ஓட்டையில்லாத சட்டம் என்று சொல்லமாட்டேன். வேலை ஒன்றாக இருந்தால்தான் அது செல்லும். நான் இங்கே முதலில் வேலைசெய்த பக்டரியில் பெட்டி அடுக்கியது முழுக்கப் பெண்கள், ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியது முழுக்க ஆண்கள். வேலை வேறு, ஆகவே கூலியும் வேறு. கணக்கு அவ்வளவு சுலபம். அந்த ஓட்டையை அடைக்க 1987 இல் இன்னொரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனாலும் சூப்பர்வைசருக்கு முன்னால் நின்று 'ஏன்?' என்று கேட்க எனக்கு ஒரு பிடிமானம் இருந்தது. அதைப் போட்டுவைத்த கைகளில் ஒன்று உங்களுடையது. அதற்குத்தான் இந்த நன்றி.

1951 இல், அந்த முதல் சட்டம் வந்த அதே வருடம், வாக்காளர் உங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 1954 பெப்ரவரியில், 63 வயதில், ரொறன்ரோவில் காலமானீர்கள்.

ஸ்காபரோவில் உங்கள் பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, ரீச்சர். எங்கள் பிள்ளைகளும் அங்கே படிக்கிறார்கள்.

இப்படிக்கு,
குடியுரிமைச் சோதனையில் தேறிய ஒருத்தி