மண்வெட்டிக்கு ஒரு சுவர்

போன மார்ச்சில் என் தோட்டக் குடிலின் சுவரைப் படமெடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். மண்வெட்டி, ஷவல், சருகு வாரி, கிளை அறுக்கும் நீளக்கோல் எல்லாம் தலை மேலாக வரிசையாய்த் தொங்கும் சுவர். கேரளத்துக் காட்டாக்கடையிலிருந்து அண்ணனின் பதில் உடனே வந்தது: "எடி, இதொண்ணும் நம்ம ஆளுவளுக்கு வராது." அதற்குக் கீழே ஆறேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். அன்றிரவு ஆஸ்பத்திரி வார்டில் டியூட்டி முடியும்வரை அந்த ஒரு வரி என்னை விடவில்லை.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியின் லைப்சிக் நகரில் நான் குத்தகைக்கு எடுத்திருக்கும் நிலத்தை ஷ்ரேபர் தோட்டம் என்பார்கள். மோரிட்ஸ் ஷ்ரேபர் என்ற மருத்துவரின் பெயரில் 1864-ல் இந்த ஊரில்தான் முதல் ஷ்ரேபர் சங்கம் தொடங்கியது. முதலில் அது பிள்ளைகள் விளையாடும் திடல். காய்கறிப் பாத்திகள் அதன் ஓரத்தில் சில ஆண்டுகள் கழித்தே வந்தன. இன்று இதற்கென்றே தனிச்சட்டம் இருக்கிறது. 1983-ல் வந்த அந்தச் சட்டப்படி ஒரு தோட்டம் 400 சதுர மீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது, அதாவது நம் கணக்கில் ஏறக்குறைய பத்து சென்ட். அதில் கட்டும் குடில், கூரையிட்ட முற்றத்தையும் சேர்த்து, 24 சதுர மீட்டரைத் தாண்டக்கூடாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, விதைப்பெட்டி போட்டால் தரை தீர்ந்தது. பிறகு மிச்சமிருப்பது சுவர்தான். ஜெர்மானியர்களின் ஒழுங்கு என்று அண்ணன் வியக்கிற காரியத்தில் பாதியைச் செய்தது இந்த 24 சதுர மீட்டர்.

மீதிப் பாதிக்கு நான் மனதாரத் தலைவணங்குகிறேன். பக்கத்துத் தோட்டக்காரர் டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். ஒரு மீட்டர் இருபது சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பலகை. கருவிகளின் கணை ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தடிமன் என்பதால் 4 சென்டிமீட்டர் துளைபோடும் வட்ட ரம்பத்தால் ஓட்டை போட்டு, பலகையின் ஓரத்திலிருந்து ஓட்டை வரை அறுத்தெடுத்தால் வாய் திறந்த பள்ளம் கிடைக்கும். அப்படி ஆறு பள்ளம். பலகையைத் தட்டுப்போலக் கிடையாக வைத்துச் சுவரின் மரச்சட்டத்தோடு முறுக்காணியால் இறுக்கவேண்டும். பள்ளங்களைச் சம தூரத்தில் வெட்டாதே, முதலில் ஒவ்வொரு கருவியின் தலையையும் அள என்றார். ஷவலுக்கு ஒரு சாண் போதும், சருகு வாரிக்கு இரண்டு சாண் வேண்டும். பலகையின் முன்பக்கம் அரை விரல் உயர்ந்திருந்தால் கணை நழுவாது. மூன்று மணி நேர வேலை அது. நாற்பது ஆண்டு டிராம் ஓட்டியவர் தன் மண்வெட்டியைத் தானே பிடித்து, தானே கழுவி, தானே மாட்டுகிறார். அவருக்கு அந்தப் பக்கம் தோட்டம் வைத்திருப்பவர் பல்மருத்துவர், அவரும் அப்படியே. எனக்கு இந்த நாட்டில் பிடித்தவற்றில் முதலாவது இதுதான்.

ஆனால் "நம்ம ஆளுவளுக்கு வராது" என்பதை நான் ஏற்கமாட்டேன். அண்ணனும் நானும் வளர்ந்த வீட்டை அவன் மறந்துவிட்டான்.

வெட்டுகல் சுவரும் ஓட்டுக்கூரையுமான வீடு அது. கூரை சுவரைத் தாண்டி மூன்றடி வெளியே இறங்கும், அந்த எறப்பின் அடியில்தான் அப்பாவின் உலகம் இருந்தது. கழுக்கோலில் கட்டிய இரண்டு கயிற்று வளையத்தில் துறட்டி படுத்திருக்கும். சுவர் கட்டும்போதே மண்சாந்தில் பதித்த முளைகள் ஜோடி ஜோடியாக நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு ஜோடிக்கும் நான்கு விரல் இடைவெளி. மண்வெட்டியின் தோள் அந்த இரண்டு முளைமேல் உட்கார, கணை கீழே தொங்கும். ரப்பர் பால்வெட்டுக் கத்தி ஓட்டுக்கும் பட்டியலுக்கும் நடுவே செருகியிருக்கும். விடியுமுன் இருட்டில் கையை நீட்டினால் கத்தி இருக்கவேண்டும், தேடிக்கொண்டிருந்தால் பால் வடியும் நேரம் போய்விடும். அடுக்களைப் பக்கத்து எறப்பில் கணைக்கான புதுக்கம்புகளைச் செருகிவைப்பார், புகை பட்ட கம்பில் வண்டு ஏறாது. அம்மையின் ஈர்க்கில் வாரியலுக்குக்கூடத் தனி முளை உண்டு.

அழகுக்காகச் செய்ததல்ல இது. எங்களுக்கு இடவப்பாதி, துலாம் என்று வருஷத்தில் இரண்டு மழை. ஈரத்தரையில் சாய்த்துவைத்த கணையைச் சிதல் விடாது, கரையானைத்தான் அங்கே அப்படிச் சொல்வோம். இரும்பைத் தரையில் வைத்தால் இரண்டு வாரத்தில் துருவேறும். மண்வெட்டி கெட்டால் ஒரு நாள் கூலி போகும். ஜெர்மன் பக்கத்துக்காரருக்குத் தோட்டம் ஆறு மாதப் பொழுதுபோக்கு. அப்பாவுக்கு அது வருஷம் முழுவதும் சோறு. யாருடைய ஒழுங்கு கடினமானது என்று அண்ணன் சொல்லட்டும்.

மாநில எல்லை மாறியபோதும் இந்த ஒழுங்கு மாறவில்லை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு தாலுகா சென்னை மாநிலத்தோடு போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அப்பாவின் தங்கை களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், நாங்கள் பாறசாலைக்கு இந்தப் பக்கம். ரேஷன் கார்டின் மொழி மாறியது, பள்ளிக்கூடப் புத்தகம் மாறியது. இரண்டு வீட்டு எறப்பிலும் மண்வெட்டி ஒரே மாதிரிதான் தொங்கியது.

மாறியது கான்கிரீட் வந்த பிறகு. அண்ணனின் புது வீட்டில் காருக்குப் போர்ச் உண்டு, செருப்புக்கு அலமாரி உண்டு. மண்வெட்டிக்கு இடம் இல்லை. வீட்டுக்காரர் மண்வெட்டி பிடிப்பதை நிறுத்திய தலைமுறையில் வரைந்த பிளான் அது. இன்று தோண்டுகிறவர் வங்காளத்திலிருந்து வந்த தொழிலாளி. அவர் சாயங்காலம் கருவியை எங்கே வைப்பார்? தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், நனைந்த சிமென்ட்டில். பிறகு "கண்ட இடத்துல போட்டுட்டுப் போறான்" என்று அவர்மேல் பழி. வைக்க இடம் கொடுக்காத வீட்டில் ஒழுங்கை மட்டும் எதிர்பார்ப்பது என்னைக் கோபப்படுத்துகிறது. குழுவில் அன்று நான் எழுதாமல் விட்டது இதைத்தான்.

டிசம்பரில் லீவுக்கு அண்ணன் வீட்டுக்குப் போனபோது கையாலேயே பதில் சொன்னேன். கிணற்று மோட்டாருக்குப் போட்டதில் மிஞ்சிய இரண்டு அங்குல பிவிசி குழாய் கிடந்தது. நான்கு அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முன்பக்கமும் கணை நுழையும் அளவுக்கு ஒரு நீளப் பட்டையை அறுத்தெடுத்து, ஒரு ரப்பர்மரப் பலகையில் வரிசையாக முடுக்கினேன். பலகையைச் சுவரில் ஏற்ற டிரில்லும் நைலான் பிளக்கும் போதும். அந்த நைலான் பிளக்கை 1958-ல் கண்டுபிடித்தவர் ஆர்ட்டூர் ஃபிஷர் என்ற ஜெர்மானியர், அந்தக் கடனையும் சொல்லிவிடவேண்டும். அதற்கு முன் நம் கொத்தனார்கள் சுவரைக் குடைந்து மரக்கட்டை அடித்து அதில் ஆணி இறக்கினார்கள். மண்வெட்டிக்கு மட்டும் குழாய் சரிவராது, அதன் இலை கணைக்குக் குறுக்கே நிற்பது. அதற்கு அப்பாவின் இரட்டை முளையேதான். அண்ணன் முன்பு ஆன்லைனில் வாங்கி மாட்டிய பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் வெடித்து உதிர்ந்த இடத்திலேயே இதை மாட்டினேன்.

துறட்டிதான் இடைஞ்சல். பதினாறு அடி மூங்கில் எந்தச் சுவரிலும் நிற்காது. அம்மை வெளியே வந்து நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மக்ளே, அந்த சன்ஷேடுக்க அடியில போடு. எறப்பு அங்கதான இருந்துச்சு." மூன்று இரும்புக் கொக்கிகளைச் சன்ஷேடின் அடியில் இறக்கி, பழைய சைக்கிள் டியூபை அவற்றில் சுற்றி, நானும் அண்ணனும் ஆளுக்கொரு முனை பிடித்துத் துறட்டியைத் தூக்கி வைத்தோம். கம்பிப்பாரைக்கு வளையம் போட நாள் இல்லை. அது இன்னும் தொட்டிக்குப் பின்னால்தான் சாய்ந்திருக்கிறது.