ஆண்டுகொள்ளச் சொன்னாரா, அழிக்கச் சொன்னாரா?



மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். “பைபிள்ல ஒரு விஷயம் எழுதப் போறேன்” என்றேன். “பிரசங்கம் பண்ணிடாதடா சாமி!” என்று கையெடுத்துக் கும்பிட்டான் அறைத்தோழன். பயப்படாதீர்கள், இது பிரசங்கம் அல்ல. ஒரு சந்தேகம். கிறிஸ்தவ வீட்டில் பிறந்த எனக்கு வந்த சந்தேகம்தான். ஆனால் லெவல் எடுக்கப் போகிற, மண் தோண்டப் போகிற, மெஷின் ஓட்டப் போகிற நம் எல்லோருக்கும் அதில் பங்கு இருக்கிறது.

மிருகம், பறவை, மரம், ஆறு... இவற்றின் மேல் மனிதனுக்கு அதிகாரம் உண்டு என்று கிறிஸ்தவ மதம் சொல்கிறதா? சொன்னால், அந்த அதிகாரம் எதுவரை?

புளியமரத்தடியில் வந்த கேள்வி

பயிற்சிக்காக நான் போன இடம் ஒரு சாலையை அகலப்படுத்தும் வேலை. இரண்டு பக்கமும் பழைய புளியமரங்கள். ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயின்டில் ஒரு நம்பர். நம்பர் விழுந்தால் அந்த மரம் போகப் போகிறது என்று அர்த்தம். அதில் ஒரு மரம் முழுக்கக் கொக்குக் கூடுகள். குஞ்சுகள் போடுகிற சத்தத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது.

சூப்பர்வைசரிடம் போய், “சார், இந்த ஒரு மரத்தை மட்டும் கடைசியில வெட்டலாமா? அதுக்குள்ள குஞ்செல்லாம் பறந்து போயிடும்” என்று கேட்டேன்.

அவர் கெட்டவர் இல்லை. காலையில் வேலை தொடங்கும் முன் கண்ணை மூடி ஜெபம் செய்கிறவர். ஆட்களுக்கு ஒரு நாளும் கூலி பாக்கி வைத்ததில்லை. பயிற்சிக்கு வந்த பையன்தானே என்று நினைக்காமல் தன் சாப்பாட்டில் எனக்கும் பங்கு கொடுத்தவர். சிரித்துக்கொண்டே சொன்னார்:

“தம்பி, நீயும் வேதக்காரப் பையன்தானே? ஆதியாகமம் முதல் அதிகாரம் படிச்சதில்லையா? எல்லாத்தையும் ஆண்டுகொள்ளுங்கன்னு ஆண்டவரே சொல்லியிருக்கார். மனுஷனுக்கு ரோடு வேணும். கொக்குக்கு வேற மரமா இல்ல?”

அன்று மத்தியானமே மரம் விழுந்தது. குஞ்சுகள் என்ன ஆயின என்று எழுதத் தேவையில்லை.

ரோடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரோடு போடத்தானே படிக்கிறோம்? என்னைத் தூங்க விடாமல் செய்தது அந்த வசனம். கோடரிக்குக் காம்பாக வேதத்தையே செருகிவிட்டாரே! அந்த வசனத்துக்கு அதுதான் அர்த்தம் என்றால், சின்ன வயதிலிருந்து நான் நம்பிய கடவுளுக்கு அந்தக் குஞ்சுகள் ஒரு பொருட்டே இல்லை என்றாகிறது. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் நான் யாரைக் கும்பிடுகிறேன்?

அந்த ஒரு வார்த்தை

ஊருக்குப் போனபோது எங்கள் சபைப் போதகரிடம் கேட்டேன். எபிரெய மொழி படித்தவர். “வசனம் இருக்கு தம்பி, இல்லேன்னு சொல்ல முடியாது. ஆனா முதல் அதிகாரத்தோட புஸ்தகத்தை மூடி வச்சிட்டா எப்படி?” என்றார். அவரோடு உட்கார்ந்து படித்ததையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் இங்கே சொல்கிறேன்.

‘ஆண்டுகொள்ளுங்கள்’ என்று தமிழில் இருக்கும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல் ‘ராதா’. ராஜா நாட்டை ஆளுவதற்கும் இதே சொல்தான். ‘கீழ்ப்படுத்துங்கள்’ என்பதற்கு ‘காபாஷ்’. இது இன்னும் கடினமான சொல். ஒரு தேசத்தைப் பிடிப்பதற்கும், ஆட்களை அடிமையாக்குவதற்கும்கூட வேதத்தில் இது வருகிறது. ஆகவே, ‘வேதத்தில் அப்படி அதிகாரமே கொடுக்கவில்லை’ என்று நான் சொன்னால் அது வெறும் சப்பைக்கட்டு. அதிகாரம் கொடுத்திருக்கிறது.

ஆனால் எந்த மாதிரி ராஜா? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 72ஆம் சங்கீதத்தில் ஒரு நல்ல ராஜாவின் ஆட்சிக்கு இதே ‘ராதா’ வருகிறது. அவன் ஏழைக்கு நியாயம் செய்கிறான், கேட்க நாதியில்லாதவனைத் தூக்கி விடுகிறான். எசேக்கியேல் 34ஆம் அதிகாரத்தில் மோசமான மேய்ப்பர்களைத் திட்டும்போதும் இதே சொல்தான். அவர்கள் ஆட்டின் கொழுப்பைத் தின்றார்கள், ரோமத்தை உடுத்தினார்கள், நோய்ப்பட்டதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கொடுமையாய் ஆண்ட அந்த மேய்ப்பர்களுக்கு எதிராகக் கடவுளே எழுந்து நிற்கிறார். சொல் ஒன்றுதான். ஆளுகிற விதம் இரண்டு. ஒன்று அவருக்குப் பிடிக்கிறது, மற்றது பிடிக்கவில்லை.

அடுத்து, இரண்டாம் அதிகாரம். அங்கே மனிதனை ஏதேன் தோட்டத்தில் வைத்து இரண்டு வேலை கொடுக்கிறார். ஒன்று ‘ஆபாத்’, மற்றது ‘ஷாமார்’. ‘ஆபாத்’ என்றால் உழைப்பது, ஊழியம் செய்வது. ‘ஷாமார்’ என்றால் காப்பது. ஆராதனை முடிவில் போதகர் கையை உயர்த்தி ஆசீர்வாதம் சொல்வாரே, எண்ணாகமம் 6ஆம் அதிகாரத்தில் உள்ளது, அதில் கடவுள் நம்மைக் காக்கட்டும் என்கிற இடத்தில் வருவதும் இந்த ‘ஷாமார்’தான்! அவர் நம்மை எப்படிக் காக்க வேண்டும் என்று நாம் ஆசைப்படுகிறோமோ, அப்படி மண்ணைக் காக்கும்படி நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார்.

சாப்பாட்டு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். முதல் அதிகாரத்தில் மனிதனுக்கும் மிருகத்துக்கும் செடி கொடிகளைத்தான் ஆகாரமாகக் கொடுக்கிறார். மாமிசத்துக்கு அனுமதி வருவது ஜலப்பிரளயத்துக்கு அப்புறம், 9ஆம் அதிகாரத்தில். அதுவும் இரத்தத்தோடு சாப்பிடக் கூடாது என்ற நிபந்தனையோடு. (ஹாஸ்டல் சிக்கனை நானும் விட்டதில்லை. யாரும் கல்லெறிய வேண்டாம்!) அதே அதிகாரத்தில் வானவில்லை அடையாளமாக வைத்து ஓர் உடன்படிக்கை செய்கிறார். அது நோவாவோடு மட்டும் செய்ததல்ல, பேழையிலிருந்து இறங்கிய எல்லா ஜீவன்களோடும் செய்தது. ஒப்பந்தத்தில் ஆட்டுக்கும் காக்கைக்கும் பங்கு உண்டு.

பட்டா யார் பேரில்?

மோசேயின் சட்டங்களைப் படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டக் கூடாது. ஓய்வுநாளில் மாட்டுக்கும் கழுதைக்கும் லீவு. ஏழாம் வருஷம் நிலத்துக்கே லீவு. எதிரியின் ஊரை முற்றுகை போட்டாலும் அங்குள்ள பழமரங்களை வெட்டக் கூடாது. யுத்தத்திலேயே கூடாது என்றால், டெண்டரில்?

உபாகமம் 22ஆம் அதிகாரத்தைப் படித்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. வழியில், மரத்திலோ தரையிலோ, தாய்ப்பறவை முட்டைமேலோ குஞ்சுகள்மேலோ உட்கார்ந்திருக்கும் கூட்டைக் கண்டால் தாயையும் சேர்த்துப் பிடிக்கக் கூடாது, அதைப் போக விட வேண்டும் என்று சட்டம். குஞ்சை எடுக்கவே கூடாது என்று அங்கே இல்லை, உண்மைதான். ஆனால் எடுப்பதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ‘எல்லாம் எனக்கே’ என்று கையை நீட்ட முடியாது.

காரணம் லேவியராகமம் 25இல் இருக்கிறது. நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கிற பரதேசிகள் என்கிறார் கடவுள். பட்டா அவர் பேரில்தான் இருக்கிறது. நமக்குக் கொடுத்திருப்பது அனுபோகம் மட்டும்.

நம் ஒர்க்‌ஷாப் ஸ்டோரை நினைத்துப் பாருங்கள். டோக்கன் கொடுத்தால் வெர்னியர் கிடைக்கும். வேலை முடிகிறவரை அது நம் கையில். யாரும் வந்து பிடுங்க முடியாது. ஆனால் சாயங்காலம் துடைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கீழே போட்டு உடைத்தால், “உங்கப்பன் வீட்டுச் சொத்தாடா?” என்று கேட்பார் ஸ்டோர் கீப்பர். கிறிஸ்தவனிடம் அதையே கேட்டால் ‘ஆமாம், பரமபிதாவின் சொத்துதான்’ என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படியானால் இன்னும் ஜாக்கிரதையாக அல்லவா வைத்திருக்க வேண்டும்? தமிழ் வேதத்தில் இதற்கு அழகான ஒரு சொல் இருக்கிறது: உக்கிராணக்காரன். சாவி அவனிடம் இருக்கும், சரக்கு எஜமானுடையது.

மறுபக்கமும் உண்டு

எனக்குச் சாதகமானதை மட்டும் சொன்னால் அது நியாயமாகாது. பிசாசுகள் புகுந்த சுமார் இரண்டாயிரம் பன்றிகள் கடலில் பாய்ந்து செத்ததை மாற்கு எழுதியிருக்கிறார். மாட்டின் வாயைக் கட்டாதே என்ற சட்டத்தை எடுத்துக்கொண்ட பவுல், கடவுள் மாட்டுக்காகவா கவலைப்படுகிறார் என்று கேட்டு, அதை ஊழியக்காரர்களின் பிழைப்புக்குத் திருப்புகிறார். 13ஆம் நூற்றாண்டின் பெரிய அறிஞர் தாமஸ் அக்வினாஸ், மிருகங்கள் மனிதனின் உபயோகத்துக்கே என்றார். அவற்றை வதைக்கக் கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம், அப்படிப் பழகினால் மனிதனையும் வதைக்கத் தோன்றும் என்பதுதான்.

இதையெல்லாம் வைத்துத்தான் 1967இல் லின் ஒயிட் என்ற அமெரிக்கச் சரித்திர ஆசிரியர் ‘சயன்ஸ்’ பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். இயற்கை இன்று படும் பாட்டுக்கு மேற்கத்தியக் கிறிஸ்தவத்துக்குப் பெரிய பொறுப்பு உண்டு என்றார். ஆனால் அவரே கட்டுரை முடிவில் மருந்துக்காகக் கைகாட்டியதும் ஒரு கிறிஸ்தவரைத்தான்: பறவைகளையும் ஓநாயையும் சகோதரராகப் பார்த்த அசிசி பிரான்சிஸ். 1979இல் போப் இரண்டாம் ஜான் பால், சுற்றுச்சூழலுக்காக உழைப்பவர்களின் பாதுகாவலராக அதே பிரான்சிஸை அறிவித்தார். 2015இல் போப் பிரான்சிஸ் தம் சுற்றுமடலில், ‘ஆண்டுகொள்’ என்பதற்கு இஷ்டம்போல் சுரண்டலாம் என்று பொருள் கொள்வது தவறு என்று வெளிப்படையாகவே எழுதினார்.

இன்னொரு மனிதரையும் சொல்ல வேண்டும். ஆர்தர் புரூம், இங்கிலாந்தில் ஒரு பாதிரியார். மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை 1824இல் லண்டனில் ஒரு காப்பிக் கடையில் கூடித் தொடங்கியபோது முன்னால் நின்றவர். அடிமை வியாபாரத்தை எதிர்த்துப் போராடிய வில்பர்போர்சும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். சங்கம் கடனில் மூழ்கியது. கடனுக்காக ஜெயிலுக்குப் போனவர் புரூம்! அவரும் படித்தது அதே ஆதியாகமம்தானே?

முடிவாக...

என் சந்தேகத்துக்கு எனக்குக் கிடைத்த விடை இது. கிறிஸ்தவத்தில் மனிதனுக்கு அதிகாரம் உண்டு, சொந்தம் கிடையாது. அந்த அதிகாரத்துக்கு மாதிரி யார் என்றால் இயேசுதான். பெரியவனாக விரும்புகிறவன் பணிவிடைக்காரனாக இருக்கட்டும் என்றார். சொன்னதோடு விடாமல் துண்டைக் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினார். காசுக்கு இரண்டாக விற்கிற குருவியில் ஒன்று கீழே விழுந்தாலும் பிதாவுக்குத் தெரியும் என்றார். அநேகம் குருவிகளைவிட நீங்கள் விசேஷித்தவர்கள் என்றும் சொன்னார். விசேஷித்தவன் என்றால் பொறுப்பும் அதிகம் என்றுதான் எனக்குப் படுகிறது.

நண்பர்களே, டிப்ளமோ முடித்து நாம் போய் நிற்கப் போவது மேடையில் அல்ல, சைட்டில். ஜே.சி.பி. ஆபரேட்டர் நம் கையைப் பார்த்துத்தான் இயந்திரத்தை நகர்த்துவார். எந்த மரத்துக்கு நம்பர் போடுவது, எந்த மாதத்தில் வெட்டுவது, எந்த ஓடையை மூடுவது, மெஷினிலிருந்து இறக்கிய பழைய ஆயிலை எங்கே கொட்டுவது... இதெல்லாம் பாதி நேரம் நம்மைப் போன்ற ஜூனியர்கள் சொல்கிற ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ‘ஆண்டுகொள்’ என்பது நம் விஷயத்தில் வெறும் வசனம் அல்ல, தினசரி வேலை.

நாளைக்கு நாமும் அந்த சூப்பர்வைசரைப் போல நல்ல மனிதர்களாகத்தான் இருப்போம். கூலியை ஒழுங்காகக் கொடுப்போம், சாமி கும்பிடுவோம், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்வோம். ஆனால் நம்பர் போட்ட மரத்தின் கீழே நின்று ஒரு தடவை மேலே பார்ப்போமா? நம் மதம் எதுவானாலும் சரி, அந்த ஒரு பார்வையை மட்டும் பழகிக்கொள்வோம். சாவி நம் கையில் இருக்கும்வரை, கணக்கும் நம் பேரில்தான்.

— மூன்றாம் ஆண்டு, சிவில்