ஐந்து மணிக்கு எழும்பச் சொல்பவர்களிடம்

போனைத் திறந்தால் யாரோ ஒருவர் எங்களைத் திருத்தப் பார்க்கிறார். ஐந்து மணிக்கு எழும்பு, பச்சைத் தண்ணியில் குளி, மாதம் நாலு புத்தகம் வாசி, படுக்க முதல் நாட்குறிப்பு எழுது. இறுதி வருடக் கலைப்பீடப் பிள்ளைகளான எங்களுக்கு இதெல்லாம் கொஞ்சம் பயத்தோடுதான் காதில் விழுகிறது. இன்னும் கொஞ்சக் காலத்தில் வேலை தேடும் வரிசையில் நிற்கப் போகிறோம். 'பட்டம் மட்டும் காணாது, உன்னை நீதான் வளர்க்க வேணும்' என்று சொல்லாத ஆளில்லை. சரி, வளர்க்கத்தான் வேணும். எப்படி? வேலைக்குப் போகிறவர்களிடமே கேட்டுப் பார்ப்பம் என்று, எங்களுக்கு முன் படித்து வெளியேறிய அக்காமார், அண்ணாமார் சிலருடன் கதைத்தோம்.

முதலில் அந்த ஐந்து மணி. ரொபின் சர்மாவின் 'த ஃபைவ் ஏஎம் கிளப்' 2018 இல் வந்த புத்தகம். எழும்பிய முதல் ஒரு மணித்தியாலத்தை இருபது இருபது நிமிடமாகப் பிரிக்கச் சொல்கிறது: உடலுக்கு, மனதுக்கு, படிப்புக்கு. கேட்க நல்லாத்தான் இருக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சிக்குத் தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போய்வரும் அக்கா ஒருவரிடம் இதைச் சொன்னோம். சிரித்தா. "நான் நாலேகாலுக்கே எழும்புறன். இடியப்பம் அவிச்சு, சம்பல் இடிச்சு, பிள்ளைக்குச் சாப்பாடு கட்டி, வெளிக்கிட ஆறு மணியாகும். உங்கட அந்த இருபது நிமிசத்தை எதுக்குள்ள வைக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்?"

எங்களிடம் பதில் இருக்கவில்லை. விடியற்காலை தன்னுடையது என்று இருப்பவர்களுக்கு எழுதிய அறிவுரை அது. அக்காவின் விடியற்காலை வீட்டாருடையது. ஆனால் அக்கா எதையும் கற்காமல் இருக்கிறா என்று நினைக்க வேண்டாம். அவ செய்வதைக் கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே பிடிபட்டது.

அவவுக்குத் தேவை சிங்களம். 2007 ஆம் ஆண்டிலிருந்து அரச சேவையில் சேர்கிறவர்கள் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி காட்ட வேண்டும். பரீட்சை ஒருபக்கம் இருக்க, தலைமை அலுவலகத்திலிருந்து வரும் தொலைபேசிக்குப் பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிடாமல் தானே பதில் சொல்ல வேணும் என்ற ரோசமும் இருக்கு. அதனால் சின்னச் சின்ன அட்டைகளாக வெட்டி, ஒருபக்கம் சிங்களச் சொல், மறுபக்கம் தமிழ். 'அயதும்பத' என்றால் விண்ணப்பம். 'அத்சன' என்றால் கையொப்பம். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தால் பத்து அட்டை. நின்றுகொண்டு போனால் அன்றைக்கு லீவு.

தெரிந்த அட்டை பின்னுக்குப் போகும், நாலைந்து நாள் கழித்துத்தான் திரும்ப வரும். பிழைத்த அட்டை நாளைக்கே வரும். இந்த முறைக்கு ஒரு வரலாறு உண்டு என்று அக்காவுக்குத் தெரியாது. படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதை ஹெர்மன் எபிங்ஹவுஸ் என்ற ஜேர்மன் உளவியலாளர் தன்னையே வைத்துச் சோதித்து 1885 இல் எழுதினார். ஒரே மூச்சில் படிப்பதைவிட இடைவெளி விட்டுத் திருப்பிப் பார்ப்பது நின்று பிடிக்கும் என்பதும் அதில் இருந்தது. 1970களில் செபஸ்தியன் லைட்னர் அதை அட்டைப் பெட்டி முறையாக்கினார். அக்கா பெட்டிக்குப் பதிலாக ரப்பர் பான்ட் பாவிக்கிறா. அவ்வளவுதான் வித்தியாசம்.

கவனித்தால், அவ இதற்கென்று புது நேரம் தேடவில்லை. ஏற்கெனவே தினமும் நடக்கிற ஒன்றோடு, அதாவது பஸ் பயணத்தோடு, புதுப் பழக்கத்தைக் கட்டிவிட்டா. மறக்கவும் வழியில்லை. பஸ் ஏறாமல் கந்தோருக்குப் போக முடியாதே.

அடுத்தது, 21 நாள் கதை. ஒன்றை 21 நாள் தொடர்ந்து செய்தால் பழக்கமாகிவிடும் என்று எத்தனை பேர் சொல்லிக் கேட்டிருப்போம். அதன் வேர் மெக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் 1960 இல் எழுதிய ஒரு புத்தகம். சிகிச்சைக்குப் பிறகு புது முகத்துக்குப் பழக நோயாளிகளுக்குக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று அவர் கவனித்திருந்தார். 'குறைந்தது' என்ற சொல் போகப்போக உதிர்ந்துவிட்டது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாட்கள் எடுத்தன. ஆளுக்காள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. இடையில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. 22 ஆம் நாள் 'எனக்கு மனஉறுதி இல்லை' என்று கைவிடுகிற எத்தனையோ பேருக்கு இதைச் சொல்ல வேணும் போல இருந்தது.

தனியார் நிறுவனமொன்றில் வேலை செய்யும் அண்ணா ஒருவரின் பிரச்சினை வேறு. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் தலைக்குள் வேலை முடியவில்லை. பொமொடோரோ முறையைப் பற்றிக் கேட்டோம். 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரிலோ என்ற இத்தாலிய மாணவர், தக்காளி வடிவச் சமையலறை மணிக்கூட்டை வைத்து 25 நிமிடம் படிப்பு, பிறகு சின்ன இடைவேளை என்று தொடங்கியது. எங்களுக்கு அது நூலகத்தில் நன்றாக வேலை செய்கிறது. "எனக்கு முன்னால கஸ்டமர் நிக்கேக்க மணி அடிச்சா, எழும்பிப் போறதோ?" என்றார் அண்ணா. நியாயம்தானே.

அவர் செய்வது இன்னும் எளிமையானது. மேசையை விட்டு எழும்ப முதல், நாளைக்கு வந்ததும் முதலில் செய்ய வேண்டிய ஒரே ஒரு வேலையைத் துண்டில் எழுதி விசைப்பலகைக்குக் கீழே வைக்கிறார். எழுதின பிறகு அதை இரவு முழுக்க நினைவு வைத்திருக்கத் தேவையில்லை. படுக்கும்போது போனை அறைக்கு வெளியே சார்ஜில் போடுகிறார். எழுப்ப 600 ரூபா மணிக்கூடு ஒன்று இருக்கு. அறிவுரை என்று கேட்டதற்கு அவர் தந்தது இந்த இரண்டும்தான்.

இனித்தான் எங்களை உறுத்திய பகுதி. கிளிநொச்சிக்குப் போகும் அக்கா சனிக்கிழமைகளில் சிங்கள வகுப்புக்கும் போகிறா. அது எப்படிச் சாத்தியமானது என்று கேட்டபோது அவ மனஉறுதியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "இவர் சமைக்கப் பழகினார்" என்றா. சனிக்கிழமை சோறு, பருப்பு, ஒரு கறி கணவரின் பொறுப்பு. பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் அவர்தான்.

சுயமுன்னேற்றம் என்ற சொல்லில் 'சுயம்' இருப்பதால் எல்லாம் தனியொருவர் கையில் என்று நினைத்துவிடுகிறோம். ஒரு வீட்டில் ஒருவருக்கு இரண்டு மணித்தியாலம் கிடைத்தால், அந்த இரண்டு மணித்தியால வேலையை இன்னொருவர் தூக்கியிருக்கிறார். காலை ஐந்து மணிக்குத் தியானம் செய்கிறவரின் தேத்தண்ணியை யார் ஊத்துகிறார் என்பதையும் கேட்கத்தான் வேணும். எங்கட பச் பொடியளுக்கு ஆகப் பயனுள்ள சுயமுன்னேற்றப் பழக்கம் ஒன்று சொல்லச் சொன்னால், கறி வைக்கப் பழகுங்கோ என்போம். அதால் முன்னேறப்போவது நீங்கள் மட்டுமில்லை.

நாங்கள் இப்போது நாலு பேர் அட்டை வெட்டத் தொடங்கியிருக்கிறோம். மூன்று பேருக்குச் சிங்களம், ஒருத்திக்கு ஆங்கிலம். கன்ரீனில் தேத்தண்ணி ஆறும் வரை பத்து அட்டை. இன்றைக்கு 19 ஆம் நாள். இரண்டு நாள் தவறிவிட்டது, பரவாயில்லை. 254 வரை நேரம் இருக்கு.