இரவற் பாயும் விருந்தினர் மூவரும்

திருக்குறளில் விருந்தோம்பல் என்னும் அதிகாரத்தைச் சிறப்பு வகுப்பிற் பாடங்கேட்ட நாளில், அதன் குறள் பத்துக்கும் பரிமேலழகர் கூறும் பொருளை யாம் பிழையற ஒப்பித்து ஆசிரியரிடம் பாராட்டுப் பெற்றோம். அந்நூலை ஆங்கிலத்திற் பெயர்த்து 1886-இல் வெளியிட்ட போப்பையர், 1842-இல் இருபத்திரண்டு வயது இளைஞராய் வந்து தொண்டாற்றத் தொடங்கிய சாயர்புரம் எம் ஊருக்கு அண்மையிலுள்ளது என்பது பற்றி எமக்கு ஒரு செருக்கும் உண்டு. இவையிரண்டும் எமக்கு எத்துணைச் சிறிது உதவின என்பது, 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 15-ஆம் நாள் வெள்ளிக்கிழமை, நண்பர் மூவர் எம்மில்லத்து வாயிலில் வந்து நின்றபோதே விளங்கிற்று.

எம் ஊர் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்துத் தாமிரபரணிக் கரையிலுள்ள சிற்றூர். நண்பர் மூவரும் விடுதியில் எம்மோடு ஓரறையில் உறைபவர். ஒருவர் மதுரையார், ஒருவர் தஞ்சைப் பக்கத்தார், மற்றவர் கோத்தகிரி மலையிற் பிறந்து, பெரிய ஆறு ஒன்றில் இறங்கிக் குளித்தறியாதவர். முதலாண்டு தொடங்கியே அவர்கட்கு யாம் எம் வீட்டின் சிறப்பை எடுத்துரைத்து வந்தோம். நீண்ட திண்ணை என்போம். பின்கட்டில் நெற்குதிர் என்போம். ஆற்றோரத்தில் வாழைத்தோட்டம் என்போம். இவற்றுள் ஒன்றும் பொய்யன்று. ஆயினும் 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் வரைக்குமே மெய். இறந்த காலத்தாற் கூறவேண்டியவற்றை நிகழ்காலத்தாற் கூறி வந்தோம். இலக்கணம் பயில்வார்க்குக் காலவழுவமைதி என்று ஒரு புகலிடம் இருக்கின்றதன்றோ!

அந்நாளின் வெள்ளத்தை இப்பக்கத்தார் மறவார். 18-ஆம் நாட் காலையொடு முடிந்த ஒரு நாளில் மட்டும் காயல்பட்டினத்தில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட விரைவுவண்டி, மேற்கொண்டு செல்லும் பாதையின் அடிமண் அரிப்புண்டமையால் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் நின்றுவிட்டது. அதில் இருந்த பயணியர் ஏறத்தாழ 800 பேர். அருகிலுள்ள புதுக்குடி ஊரார், தாமும் வெள்ளத்தால் இடருற்றிருந்த நிலையிலே, முன்பின் அறியாத அப்பயணியர்க்குச் சோறு சமைத்துக் கொடுத்தனர். இச்செய்தியை யாம் விடுதியிற் பலமுறை பெருமையோடு கூறியதுண்டு. அதே வெள்ளத்தில் எம் வீட்டின் பின்கட்டு இடிந்ததையும், குதிரும் தோட்டமும் போனதையும், ஓரறையும் அடுக்களையுமே எஞ்ச, திண்ணையிருந்த இடத்திற்குத் தகரம் வேய்ந்திருப்பதையும் மட்டும் கூறிற்றிலோம்.

இந்நிலையில் அவர்களை அழைத்தது ஏன் என்று வினவலாம். யாம் அழைக்கவில்லை, அவர்களே வருவதாகக் கூறினர். மறுக்க நாவெழவில்லை. ஆதலின் ஓர் உபாயம் செய்தோம். ஒரு தாளில் மூன்று நாளுக்கும் மணிவாரியாகக் காலப்பட்டியல் வகுத்தோம். வெள்ளியன்று கல்லூரியிற் கொடியேற்றம் முடிந்ததும் கிருஷ்ணாபுரத்துச் சிற்பங்கள். சனியன்று ஆதிச்சநல்லூர், ஆழ்வார்திருநகரி, குமரகுருபரர் பிறந்த ஸ்ரீவைகுண்டம், அணைக்கட்டு. ஞாயிறன்று ஆராதனைக்குப்பின் சாயர்புரமும் கொற்கையும். பார்ப்போர்க்கு அஃது ஒரு தமிழ் மாணவனின் ஆர்வமாகத் தோன்றும். உண்மையில், உறங்குதற்கன்றி அவர்கள் எம் வீட்டில் இருத்தலாகாது என்பதே அதன் நோக்கம்.

வெள்ளியிரவு எம் சூழ்ச்சிக்கு முதலிடையூறு நேர்ந்தது. எம் அன்னையார் அடுத்த தெருவில் மாடிவீட்டுப் பெரியம்மாவிடம் பாயும் தட்டும் இரவல் வாங்கியிருந்தார். தட்டுகளில் பெரியம்மாவின் பெயர் வெட்டியிருந்தது. அதனைச் சோறு மறைத்துக்கொள்ளும் என்று தேறியிருந்தோம். பாய்களுள் ஒன்றோ பத்தமடைப் பட்டுப்பாய். ஆற்றங்கரைக் கோரையை மயிரிழைபோற் கீறி நெய்யும் அப்பாயில், திருமணத்திற்கெனின் மணமக்கள் பெயரையும் சேர்த்து நெய்வது வழக்கம். பெரியம்மா தம் மகளின் மணப்பாயையே கொடுத்துவிட்டார். மதுரை நண்பர் அதன்மீது அமர்ந்து, கைப்பேசி விளக்கொளியில் அவ்விரு பெயரையும் ஒருமுறை படித்தார். எமக்கு நெஞ்சு திக்கென்றது. அவர், “நல்ல வழுவழுப்பு” என்று மட்டும் கூறி மறுபுறம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

சனிக்கிழமையைப் பற்றி மிகுதியாக எழுத எமக்கு வெட்கமாயிருக்கின்றது. ஆதிச்சநல்லூரில், அகழ்ந்த குழியின்மேற் கண்ணாடி பதித்து, முதுமக்கள் தாழிகளை இருந்தபடியே காணுமாறு அமைத்திருக்கின்றனர். 1876-இல் யாகோர் என்னும் ஜெர்மானியரும், 1899 முதல் அலெக்சாந்தர் இரே என்பவரும் அகழ்ந்த பறம்பு அது. தஞ்சை நண்பர் ஒரு தாழியின்மேல் நின்று அசையாது நோக்கிக்கொண்டிருந்தார். யாம் கடிகாரத்தைக் காட்டி அவரை இழுத்துச் சென்றோம். ஆழ்வார்திருநகரியிற் புளியமரத்தின்கீழ் இருந்து இளைப்பாறவும் விட்டோமில்லை. மாலையில், இவ்வாற்றின் எட்டு அணைக்கட்டுகளுட் கடைசியாகிய ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் அருகே நின்று, மேலை ஏழனையும் யாம் முறையே எண்ணிச் சொல்லிக்கொண்டிருக்கையில், கோத்தகிரி நண்பர் செருப்பைக் கழற்றினார். குதிகாலிற் கொப்புளம் உடைந்திருந்தது.

“நாளைக்கு ஓரிடத்திற்கும் போகாமல் உன் வீட்டில் இருக்கக் கூடாதா? உன் அம்மாவோடு நாங்கள் இன்னும் பத்து வார்த்தை பேசவில்லை” என்றார்.

பெத்தானியா வீட்டு மார்த்தாளைக் குறித்துச் சிறு பருவத்திலிருந்து எத்தனையோ அருளுரை கேட்டிருக்கின்றோம். பற்பல வேலையால் வருந்திய அவ்வம்மையார் விருந்தினர் உண்ணவேண்டுமென்றாவது வருந்தினார். யாம் வருந்தியது எம் தகரக் கூரைக்காக.

அன்றிரவு மின்சாரம் நின்றது. அன்னையார் மெழுகுவர்த்தி ஏற்றிச் சுவரோரம் வைத்தார். வெள்ளையடித்து மறைத்திருந்த வண்டற் கோடு, சாய்ந்த வெளிச்சத்தில், மார்பளவு உயரத்தில் அறையைச் சுற்றித் தெளிவாகத் தோன்றிற்று. தஞ்சை நண்பர் எழுந்து அக்கோட்டின்மேல் விரலை வைத்து, “அம்மா, நீர் இவ்வளவு உயரமா வந்தது?” என்றார்.

யாம் பேச்சை மாற்ற வாய் திறக்குமுன் அன்னையார் சொல்லத் தொடங்கிவிட்டார். வெள்ள நாளில் யாம் பாளையங்கோட்டையிற் பள்ளி விடுதியில் இருந்தோம். தந்தையார் தூத்துக்குடியில் இரவுப் பணியில் இருந்தார். வழிகள் திறந்தபின் யாம் ஊர் வந்து சேர்ந்தபோது, “எல்லாரும் சுகம்” என்ற ஒரு சொல்லன்றி அன்னையார் எமக்கு ஒன்றும் கூறியதில்லை, யாமும் கேட்டதில்லை. ஆதலின் அவ்விரவின் வரலாற்றை எம் நண்பர்களோடு யாமும் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

இடுப்பளவு நீரிற் பெரியம்மாவின் மகன் வந்து அவரைத் தோளிற் பற்றி மாடிக்கு அழைத்துச் சென்றானாம். அங்கே பதினேழு பேர். பெரியம்மா தம் புடைவையைக் கொடுத்து, கஞ்சியும் வைத்துக் கொடுத்தாராம். “எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை, ஐயா. அவள் என்னை எழுந்திருக்கவே விடவில்லை. உட்கார்ந்தே இரு, உட்கார்ந்தே இரு என்றாள். இரண்டு நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மூன்றாம் நாட் காலையில் என்ன நினைத்தாளோ, ஒரு முறம் சின்ன வெங்காயத்தை என்முன் கொட்டி, உரி என்றாள். அழுதுகொண்டே உரித்தேன், வெங்காயத்தால் அழுகிறேன் என்று அவளும் இருந்துவிட்டாள். அன்று மத்தியானந்தான் நான் சாப்பிட்டேன்.”

சற்றுநேரம் ஒருவரும் பேசவில்லை. பிறகு மதுரை நண்பர், “அம்மா, நாளைக்கு எங்களுக்கும் வெங்காயம் கொடுங்கள்” என்றார். அன்னையார் சிரித்தார். எம் வீட்டில் அவர் அவ்வாறு வாய்விட்டுச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யாம் எண்ணிப் பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கூட்டாஞ்சோறு ஆக்குவதென்று முடிவாயிற்று. அரிசியும் பருப்பும் காய்கறிகளும் முருங்கைக்கீரையும் ஒரே பாத்திரத்திற் சேர்ந்து வேகும் அச்சோறு நெல்லைநாட்டார்க்கு உரியது. காய் அரிய ஆள் மிகுதியும் வேண்டும். மதுரையார் வெங்காயம் உரித்தார். தஞ்சையார் கீரை ஆய்ந்தார். காம்பையும் சேர்த்துப் போட்டு இருமுறை வசை பெற்றார். மலைநாட்டார் கொப்புளக் காலை நீட்டிக்கொண்டு தேங்காய் துருவினார். எமக்கு ஒரு வேலையும் கிட்டவில்லை. அன்னையார் எம்மைப் பார்த்து, “நீ அணைக்கட்டை எண்ணிக்கொண்டிரு” என்றார். முந்தின மாலைச் செய்தியை அவர்க்கு உரைத்தவர் யாவர் என்பது இன்றுவரை தெரியவில்லை.

உண்டபின் நால்வரும் ஆற்றிற்குச் சென்றோம். துறையில் நீர் முழங்காலுக்குச் சற்று மேல். கோத்தகிரி நண்பர் மல்லாந்து கிடந்து, எழ மாட்டேனென்று அடம்பிடித்தார். வாழைத்தோட்டம் எங்கே என்று அவர் கேட்டார். மணல் மேடிட்டுக் கிடந்த இடத்தைக் காட்டி, “அங்கே இருந்தது” என்றோம். ஒருவரும் வியக்கவில்லை.

மாலையில் யாம் பேருந்து நேரம் உசாவக் கடைத்தெருவுக்குச் சென்று மீள அரைமணி ஆயிற்று. திரும்பி வந்தபோது மூவரும் பையோடு நின்றனர். அன்னையார் ஆளுக்கொரு பொட்டலம் சில்லுக் கருப்பட்டி கொடுத்தார்.

விடுதி சேர்ந்து எம் பொட்டலத்தைப் பிரித்தோம். சுற்றியிருந்த தாள் எம் காலப்பட்டியலே. அதன் பின்புறத்தில் அன்னையார் கையெழுத்தில் இரவற் கணக்கு: பாய் 3, தலையணை 2, தட்டு 4, தம்ளர் 4, உருளி 1. ஒவ்வொன்றின் எதிரிலும் திருப்பிக் கொடுத்ததற்கு அடையாளமாகக் கோடு கிழித்திருந்தது. கீழே தஞ்சை நண்பரின் உருண்டை எழுத்து: “பாய் இரண்டே கொடுத்தோம். பெயர் நெய்த பாயைத் தீபாவளி விடுமுறைக்கு நாங்கள் வரும்வரை உங்கள் வீட்டிலேயே வைத்திருக்கும்படி பெரியம்மா சொன்னார்.”