அந்த வருஷம் 1921

எங்கள் கல்லூரியில் போன மாதம் ஒரு விழா நடந்தது. நுழைவாயிலில் பெரிய பேனர். பன்முகத்தன்மை, அனைவரையும் அரவணைத்தல், மாணவர் நலன் என்று மூன்று வரிகள். கீழே பல நிறக் கைகள் ஒன்றை ஒன்று பற்றியிருக்கும் படம். அந்த பேனரை எங்கே கட்டியிருந்தார்கள் தெரியுமா? சக்கர நாற்காலிக்காகப் போட்ட சாய்தளத்தின் கைப்பிடியில். சாய்தளத்தை மறித்து வரிசையாக ஒன்பது பைக்குகள். அதில் ஒன்று என்னுடையது. ஆகவே இதை ஊருக்கு உபதேசம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் குற்றவாளி அடியேன்தான்.

நான் மதுரையில் பி.காம். மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். போன வருடம் வேறொருவருக்காகப் பரீட்சை எழுதினேன். பயப்படாதீர்கள், ஆள்மாறாட்டம் இல்லை. பார்வையற்ற மாணவர்கள் சொல்லச் சொல்ல எழுதித் தருவதற்கு ஓர் ஆள் வேண்டும். ஸ்க்ரைப் என்பார்கள். எங்கள் கல்லூரியில் அந்த ஆள் வேறு பாடம் படிப்பவராகவும், ஒரு வருடமாவது ஜூனியராகவும் இருக்க வேண்டும். வரலாறு மூன்றாம் ஆண்டு படித்த ஓர் அண்ணனுக்கு வழக்கமாக எழுதுகிற பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான். "உன் கையெழுத்து நல்லா இருக்கும்ல, நீ போடா" என்று விடுதி நண்பன் தள்ளிவிட்டான். நானும் ஒரு புண்ணியம் சேரட்டுமே என்று போனேன். அந்தப் 'புண்ணியம்' என்ற நினைப்புதான் எல்லாக் கோளாறுக்கும் ஆரம்பம்.

தனி அறை, ஒரு கண்காணிப்பாளர், நாங்கள் இரண்டு பேர். மூன்று மணி நேரப் பரீட்சைக்கு ஒரு மணி நேரம் கூடுதல். மணிக்கு 20 நிமிடம் என்று 2018-ல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறையில் இருக்கிறது. 'அவ்வளவு நேரமா, கொடுத்து வைத்தவர்' என்று அதுவரை நானும் நினைத்ததுண்டு. உள்ளே உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. கேள்வித்தாளை நான் படிக்க வேண்டும். அவர் அதை மனதுக்குள் அடுக்கிக்கொள்ள வேண்டும். எதை முதலில் எழுதுவது, எதை விடுவது என்று நாம் கண்ணால் இரண்டு நிமிடத்தில் மேய்வதை அவர் நினைவில் செய்ய வேண்டும். பிறகு என் பேனாவின் வேகத்துக்குத் தன் வாயைக் குறைத்துக்கொள்ள வேண்டும். முன்பு என்ன சொன்னோம் என்று திரும்பிப் பார்க்க முடியாது. அந்த ஒரு மணி நேரம் சலுகையே இல்லை, கணக்கு நேர் செய்வது.

இரண்டு மதிப்பெண் பகுதியில் ஒரு கேள்வி. வகுப்புவாரி அரசாணை பற்றிக் குறிப்பு வரைக. அண்ணன் தடுமாறாமல் சொன்னார். "1921ஆம் ஆண்டு நீதிக்கட்சி ஆட்சியில் முதல் வகுப்புவாரி அரசாணை வெளியிடப்பட்டது."

என் கை நின்றது. போட்டித்தேர்வுக் குறிப்பு ஒன்றில் 1928 என்று படித்த ஞாபகம் எனக்கு. பாவம், மறந்துவிட்டார் போல என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் 1928 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். மனதுக்குள் ஒரு சின்னப் பெருமை வேறு.

பரீட்சை முடிந்து வாசலில் டீ குடிக்கும்போது அந்தப் பெருமை வாயைத் திறக்க வைத்தது.

"அண்ணே, ஒரு வருஷம் தப்பா சொன்னீங்க. நான் சரி பண்ணிட்டேன்."

"எந்த வருஷம்?"

"அந்த ஜி.ஓ. வருஷம். 1928-னு போட்டுட்டேன்."

அவர் டீ கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"1928-ல நீதிக்கட்சி ஆட்சியிலேயே இல்ல தம்பி. 26 கடைசியில சுப்பராயன் வந்துட்டாரு. முதல் ஜி.ஓ. போட்டது 21-ல. முத்தையா முதலியார் அதை நடைமுறைக்குக் கொண்டு வந்ததுதான் 28. இப்ப அந்தத் தாள்ல என் நம்பருக்கு மேல ஒரு முட்டாள்தனம் எழுதியிருக்கு. அதை நான் சொல்லவும் இல்ல, என்னால பார்க்கவும் முடியல."

நான் ஏதோ உளறினேன். உதவி பண்ணத்தான் என்றேன்.

"நான் தப்பா சொன்னாலும் தப்பாவே எழுது. தப்பு பண்ற உரிமையும் எனக்குத்தான் இருக்கு."

அந்த டீக்கு அவர்தான் காசு கொடுத்தார். அடுத்த பரீட்சைக்கு என்னைக் கூப்பிடவில்லை.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் சரியில்லை. இரண்டு மதிப்பெண் கேள்வி, அதில் ஒரு வருடம், இதற்கு இவ்வளவா என்று யாராவது கேட்கலாம். மதிப்பெண் எனக்கு உறுத்தவில்லை. பார்வையுள்ள ஒருவனின் விடைத்தாளை வாங்கி, அவனிடம் சொல்லாமல் நான் திருத்தியிருப்பேனா? செருப்படி விழும். இவரிடம் மட்டும் ஏன் செய்தேன்? இவருக்குத் தெரிந்திருக்காது என்று, கேட்காமலேயே முடிவு செய்துவிட்டேன். அதற்கு 'இரக்கம்' என்று பெயரும் வைத்துக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் கெடுத்த அந்தக் கேள்வியே நம்மைப் போன்றவர்கள் கல்லூரிக்குள் வந்த கதைதான். அந்த அரசாணை வழிதான் சென்னை மாகாணத்தில் அரசு வேலையிலும் பின்பு கல்லூரி இடங்களிலும் பல சமூகத்தவருக்கும் பங்கு கிடைத்தது. சண்பகம் துரைராஜன் வழக்கில் 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே வருடம் ஜூனில் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. கடையில் பொட்டலம் மடிக்கும் அப்பாவின் மகனான நான் இன்று பி.காம். படிப்பதற்கு அந்த வரலாற்றில் ஒரு பங்கு உண்டு. அது தெரியாமலேயே அதைத் 'திருத்தினேன்'!

பிறகு நேராகப் போய் மன்னிப்பு கேட்டேன். கடைசித் தாளுக்கு ஆள் கிடைக்காததாலோ, மன்னித்ததாலோ, வரச் சொன்னார். ஒரே நிபந்தனை. ஒவ்வொரு பதிலையும் எழுதி முடித்ததும் அவருக்கு மெதுவாகப் படித்துக் காட்ட வேண்டும். படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் அவரே நிறுத்தித் திருத்தினார். ஒன்று அவர் தவறு, மற்றொன்று நான் காதில் தவறாக வாங்கியது. பரீட்சை முடிந்து வெளியே வரும்போது, உனக்கு ஏதாவது செய்யணும் போல இருந்தால் நான் கேட்பதைச் செய் என்றார்.

அவர் கேட்டது கண் தானமோ கைத்தாங்கலோ இல்லை. பாடக் குறிப்புகளை யூனிகோடில் மாற்றித் தரச் சொன்னார்.

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் வசதி இருக்கிறது. கணினியில் என்விடிஏ என்ற இலவச மென்பொருள் வைத்திருக்கிறார். 2006-ல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கிய வேலை அது. தமிழையும் படிக்கும். ஆனால் துறையில் சுற்றிவந்த குறிப்புகள் எல்லாம் பழைய பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினியில் நமக்குத் தெரிவதுதான் தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லை அந்த மென்பொருள் எப்படிப் படித்தது என்று அவர் போட்டுக் காட்டினார். "ஜே, கே, பி, ஓ, செமிகோலன்." இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். மூன்று வருடம் அவர் இப்படித்தான் படித்திருக்கிறார் என்று தோன்றியதும் எனக்குச் சிரிப்பு நின்றது. மீதிக் குறிப்புகள் போனில் எடுத்த புகைப்படங்கள். அவற்றைப் பிடிஎஃப் என்று பெயர் மாற்றி அனுப்பியிருந்தார்கள். அதில் படிக்க எழுத்தே இல்லை, வெறும் படம்.

தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்தது 2010-ல். ஆனால் எங்கள் ஜெராக்ஸ் கடைக்கும் சில துறைகளுக்கும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை :)

விடுமுறையில் நானும் விடுதி நண்பர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து மாற்றினோம். எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி மாறிவிடும். மீதியைக் கையால் திருத்த வேண்டும். புகைப்படங்களைப் பார்த்துத் தட்டச்ச வேண்டும். பதினோரு நாள் ஆனது. முடிந்ததும் அந்தக் கோப்புகளை அவருடைய வகுப்பு முழுவதும் வாங்கிக்கொண்டது. ஏனென்றால் அதில் ஒரு சொல்லைத் தேடினால் கிடைக்கிறது, போனில் எழுத்தைப் பெரிதாக்கினால் உடையாமல் நிற்கிறது. ஒருவருக்காகச் செய்தது அறுபது பேருக்கும் உதவியது.

இங்கே என் சொந்தக் கதை ஒன்றும் சொல்ல வேண்டும். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. கல்லூரியில் அக்கவுண்டன்சி முழுக்க ஆங்கிலம். முதல் இரண்டு மாதம் வகுப்பில் நான் வாயே திறக்கவில்லை. பற்று, வரவு என்று பள்ளியில் நன்றாகப் போட்ட கணக்கே டெபிட், கிரெடிட் என்று வந்ததும் கை நடுங்கியது. சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் சத்தமாகச் சிரிப்பேன். அந்தச் சமயம்தான் மனநலம் பற்றி ஒரு கருத்தரங்கு வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம், முழுக்க ஆங்கிலத்தில். 'மனம் விட்டுப் பேசுங்கள்' என்றார்கள். எந்த மொழியில் என்று சொல்லவில்லை.

என்னைக் காப்பாற்றியது வராந்தாவில் ஒரு பேராசிரியர் கேட்ட ஒரே கேள்வி. "உனக்கு எது புரியலைன்னு தமிழ்ல சொல்லு பார்ப்போம்." அவ்வளவுதான். அன்று பத்து நிமிடம் பேசினேன். மறுவாரம் டிரயல் பேலன்ஸ் நேரானது. அவர் எனக்குப் பதிலாகக் கணக்கைப் போட்டுத் தரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டார். என்னிடம் ஒருவர் இப்படிக் கேட்டதை மறந்துவிட்டுத்தான் நான் அண்ணனிடம் கேட்காமல் எழுதினேன்.

சட்டத்தில் குறை இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த குறைபாடுகள் இதில் 21 ஆகின. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது. சாய்தளம் ஓர் அடி உயர்ந்தால் 12 அடி நீளம் வேண்டும் என்று கட்டட விதிமுறையும் உண்டு. எங்கள் சாய்தளம் நாக் குழு வருவதற்கு முந்தைய வாரம் கட்டியது. அதில் சக்கர நாற்காலியை ஏற்ற இரண்டு பேர் தள்ள வேண்டும், இறக்க நான்கு பேர் பிடிக்க வேண்டும்.

வணிகவியல் மாணவன் பாஷையில் சொன்னால், சாய்தளம் கட்டுவது மூலதனச் செலவு. ஒரு தடவை செய்தால் ரிப்போர்ட்டில் போடலாம், போட்டோ எடுக்கலாம். அதன் முன்னால் பைக் நிற்காமல் பார்த்துக்கொள்வது வருவாயினச் செலவு. தினமும் செய்ய வேண்டும், யாரும் கைதட்ட மாட்டார்கள். எங்கள் கல்லூரி முதல் செலவைச் செய்தது. இரண்டாவதற்குப் பட்ஜெட்டே இல்லை. ஆனால் அதைச் செய்ய முதல்வர் கையெழுத்து தேவையில்லை. குறிப்பை எழுத்தாக அனுப்பலாம். பைக்கை இருபதடி தள்ளி நிறுத்தலாம். மெஸ்ஸில் தனியாகச் சாப்பிடுபவனிடம் உட்காரலாமா என்று கேட்டுவிட்டு உட்காரலாம். கேட்டுவிட்டு என்பது முக்கியம். அவனுக்குத் தனிமையே பிடித்திருக்கலாம். யாராவது உடைந்துபோய் இருந்தால், 2022 முதல் இயங்கும் டெலி மனஸ் எண் 14416-ஐச் சொல்லலாம். இலவசம், தமிழிலும் பேசலாம்.

அண்ணன் அந்தத் தாளில் தேறிவிட்டார். இப்போது பி.எட். படிக்கிறார். அந்த இரண்டு மதிப்பெண்ணில் எத்தனை போனது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கேட்டபோது, "விடு தம்பி, உனக்கு இனி அந்த வருஷம் மறக்காதுல்ல" என்றார்.

மறக்கவில்லை. 1921.

விழா முடிந்த மறுநாள் பேனரைக் கழற்றிவிட்டார்கள். நான் என் பைக்கை வேப்பமரத்தடியில் நிறுத்த ஆரம்பித்திருக்கிறேன். என்னைப் பார்த்து இன்னும் இரண்டு பேர். மீதி ஆறு பைக் இன்னும் அங்கேயேதான் நிற்கிறது. அந்த ஆறில் உங்கள் வண்டி இருந்தால், நாளைக்குக் காலையில் மரத்தடிக்கு வாருங்கள். நிழலும் இருக்கிறது.