அரிப்பின் பஞ்சாங்கம்

நாய்க்கு ஒவ்வாமை என்றால் தும்மும், மூக்கு ஒழுகும் என்று நினைத்து வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். நமக்கு அப்படித்தானே வருகிறது. நாய்க்கு அது பெரும்பாலும் தோலில்தான் தெரியும். முன்னங்கால் பாதத்தை விடாமல் நக்கும். காதைப் பின்னங்காலால் பிராண்டும். மூஞ்சியைச் சோபா விளிம்பில் தேய்த்துக்கொண்டே போகும். அக்குளும் அடிவயிறும் சிவந்து, நாளடைவில் கறுத்துத் தடித்துப்போகும். வெள்ளை நாயாக இருந்தால் மேசைமேல் ஏற்றும்போதே விஷயம் விளங்கிவிடும்: நக்கிய இடமெல்லாம் முடி செம்பழுப்பாகியிருக்கும். "பாதத்துல ரத்தம் கட்டியிருக்கு டாக்டர்" என்று பதறுவார்கள். அது ரத்தம் இல்லை, எச்சிலில் இருக்கும் போர்ஃபிரின் என்ற நிறமி. அந்த நிறம் ஏற வாரக்கணக்கில் நக்கியிருக்க வேண்டும். அதனால் "நேத்துலேருந்துதான்" என்ற வாக்குமூலத்தை நான் எழுதிக்கொள்வதில்லை.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்த தோல்நோய்ப் புத்தகங்கள் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. பருவ ஒவ்வாமை என்றால் அவற்றில் வசந்தகாலத்து மர மகரந்தம், அதன் பிறகு கோடைப் புல். மனப்பாடம் செய்து பரீட்சை எழுதிவிட்டு வெளியே வந்தால் சென்னையில் வசந்தம் என்று எதுவும் தனியாக வருவதில்லை. என்னிடம் அரிப்பு நாய்கள் வரிசைகட்டத் தொடங்குவது ஆடி முடிந்து சாயங்கால மழை பிடிக்கும்போது. ஐப்பசியும் கார்த்திகையும் உச்சம். தை பிறந்தால் கூட்டம் கொஞ்சம் கலையும். மழை விழுந்ததும் காலி மனைகளில் புல் தழைத்துப் பூக்கிறது. சுவரில் பூஞ்சை படர்கிறது. வீட்டுக்குள் ஈரம் ஏற ஏற, மெத்தையிலும் தரைவிரிப்பிலும் கண்ணுக்குத் தெரியாமல் வாழும் டஸ்ட் மைட் பெருகுகிறது. தெள்ளுப்பூச்சிக்கும் அதே ஈரம்தான் வேண்டும். எல்லாச் சந்தேக ஆசாமிகளும் ஒரே வாரத்தில் ஊருக்குள் வந்து இறங்குகிறார்கள். "மழைக்கு அலர்ஜி" என்று வீட்டுக்காரர் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார். அந்த மழையில் எது என்று பிரித்துக் காட்டுவதுதான் எங்கள் வேலை.

நான் அதைக் கழித்தல் கணக்காகத்தான் செய்கிறேன். ஏனென்றால் இந்த நாய்க்கு, மகரந்தத்துக்கும் தூசிக்கும் வரும் பிறவி ஒவ்வாமைத் தோல் அழற்சி இருக்கிறதா இல்லையா என்று ஒரே சோதனையில் சொல்லிவிட வழியில்லை. ரத்தப் பரிசோதனையும் தோலில் குத்திப் பார்க்கும் சோதனையும் இருக்கின்றன. ஆனால் அவை எந்தப் பொருளுக்கு ஒவ்வாமை என்று தேர்ந்து அதற்குரிய தடுப்பூசி மருந்தைத் தயாரிக்கத்தான் உதவும். நோய் இது என்று தீர்ப்புச் சொல்ல உதவாது. நலமான நாய்க்கும் அந்தச் சோதனைகளில் பாசிட்டிவ் வரலாம். இதைச் சொன்னால் பலருக்கு ஏமாற்றம்தான். ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய வண்ணவண்ண ரிப்போர்ட்டை நான் ஓரமாக வைத்துவிட்டு நாயின் வாலடியை விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வாலடியைப் பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. இடுப்புக்குப் பின்னால், வால் தொடங்கும் இடத்தில் முடி கொட்டியிருந்தால் முதல் சந்தேகம் தெள்ளு. பிறவி ஒவ்வாமை பெரும்பாலும் அந்த இடத்தை விட்டுவிட்டுப் பாதம், காது, அக்குள், அடிவயிறு என்று போகும். சீப்பால் வாரி, விழுந்த கறுப்புத் துகளை ஈரமான வெள்ளைத் தாளில் வைத்தால் செம்பழுப்பாகக் கரையும். தெள்ளு குடித்துக் கழித்த ரத்தம் அது. "எங்க வீட்டுல தெள்ளே கிடையாது" என்று சாதித்தவர்களுக்கு அந்தத் தாளை மட்டும் காட்டுவேன், வாதாட மாட்டேன். நாயின்மேல் திரியும் தெள்ளு மொத்தத்தில் சிறு பங்கு. முட்டையும் புழுவும் கூட்டுப்புழுவும் தரை இடுக்கிலும் படுக்கையிலும் கிடக்கின்றன. அதனால் நாய்க்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. மாத்திரையோ சொட்டு மருந்தோ, வீட்டிலுள்ள எல்லா நாய்க்கும் பூனைக்கும் சேர்த்து, மாதக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டும். பெர்மெத்ரின் கலந்த நாய்ச் சொட்டு மருந்தைப் பூனைக்குப் போட்டால் பூனை செத்தே போகலாம். இதை மருந்துச் சீட்டிலேயே அடிக்கோடிட்டு எழுதிவிடுகிறேன்.

அடுத்தது சொறிப்பூச்சி. காது மடலின் ஓரம், முழங்கை. காதோரத்தை விரலால் மெல்லத் தேய்த்தால் பின்னங்கால் தானாக உதைக்கத் தொடங்கும். அப்போது ஒரு சங்கடமான கேள்வி கேட்க வேண்டியிருக்கும்: "வீட்டுல வேற யாருக்காவது அரிக்குதா?" கணவர் உடனே இல்லை என்பார். கூட வந்த மாமியார் அமைதியாகச் சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டுவார். நாயின் சொறி மனிதருக்கும் சில நாள் ஒட்டும் என்பதால், பல சமயம் அந்த அம்மாளின் கைதான் எனக்கு நோயைக் காட்டிக் கொடுக்கிறது.

பிறகு கிருமி. ஒவ்வாமைத் தோலில் வேலி பலவீனம். பாக்டீரியாவும் மலாசீசியா என்கிற ஈஸ்ட்டும் அங்கே குடியேறிவிடும். மலாசீசியா நலமான நாயின் தோலிலும் கொஞ்சம் இருப்பதுதான், பெருகும்போதுதான் தொல்லை. பிசுபிசுப்பு, புளித்த நாற்றம், யானைத்தோல் போலக் கறுப்பு. செல்லோடேப்பைத் தோலில் ஒட்டி எடுத்துச் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் நிலக்கடலை வடிவில் கூட்டம் கூட்டமாகத் தெரியும். சில நிமிட வேலை, செலவும் சொற்பம். இதைச் செய்யாமல் அலர்ஜி மாத்திரை எழுதுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை. அரிப்பில் பாதி இந்த ஈஸ்ட்டால் என்றால், எவ்வளவு விலை உயர்ந்த மாத்திரையும் மீதிப் பாதியைத்தான் குறைக்கும். பழி மாத்திரைமேல் விழும்.

கடைசிக் கழித்தல் உணவு. இதுதான் பெரும்பாடு. நாய்களில் உணவு ஒவ்வாமைக்குக் காரணமாக அதிகம் பதிவானவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. கண்டுபிடிக்க நம்பகமான வழி, அதுவரை தின்றிராத ஒரு புரதத்தை மட்டும் 8 வாரம் கொடுத்துப் பார்த்து, பிறகு பழைய உணவைத் திருப்பிக் கொடுத்து அரிப்பு மீள்கிறதா என்று பார்ப்பது. நம் வீடுகளில் 8 வாரம் ஒரு நாய் ஒரே உணவைத் தின்பது எளிதல்ல. தாத்தா காலைக் காபியோடு மேரி பிஸ்கட் கொடுப்பார். வாட்ச்மேன் பன் கொடுப்பார். குழந்தை தட்டிலிருந்து தயிர்சாதம் தள்ளிவிடும்.

இதில் புரட்டாசி வேறு வந்து சேரும். வீட்டில் அசைவம் இல்லை, ஆகவே நாய்க்கும் இல்லை. மாதக் கடைசியில் வந்து "சிக்கன் நிறுத்தினோம், அரிப்பு குறைஞ்சுது டாக்டர், சிக்கன்தான் காரணம்" என்பார்கள். விசாரித்தால் அதே மாதம் தெள்ளு மாத்திரையும் கொடுத்திருப்பார்கள், ஷாம்பூவையும் மாற்றியிருப்பார்கள். அந்தச் சிக்கனுக்குப் பதில் தயிரும் பாலும் கூடியிருக்கும். ஒரு மாதம் என்பது பாதிச் சோதனைதான். உணவு ஒவ்வாமை பொதுவாகப் பருவம் பார்ப்பதில்லை, வருடம் முழுக்க அரிக்கும். மழைக்காலத்தில் மட்டும் அரித்துத் தையில் தானாக அடங்குகிற நாயை 8 வாரப் பத்தியத்தில் போடுவதற்கு முன் நான் நிறைய யோசிப்பேன்.

இவ்வளவும் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பிறவி ஒவ்வாமை. பெரும்பாலும் 6 மாதத்துக்கும் 3 வயதுக்கும் இடையில் தொடங்கும். லாப்ரடார், கோல்டன் ரிட்ரீவர், பக், ஷிட்ஸூ, ஃப்ரெஞ்ச் புல்டாக் இனங்களில் அதிகம். தெருவிலிருந்து எடுத்து வளர்த்த நாட்டு நாய்களும் வருகின்றன. தோலின் வேலி வழியாகவே மகரந்தமும் தூசியும் உள்ளே நுழைகின்றன. உடல் அவற்றைப் பகையாளியாக எண்ணி, இன்டர்லூகின்-31 என்ற புரதத்தைச் சுரந்து நரம்பிடம் அரிப்பைச் சொல்கிறது. முதல் வருடம் இரண்டு மாதம் அரிக்கும். மறு வருடம் நான்கு மாதம். கவனிக்காமல் விட்டால் சில நாய்களுக்குப் பருவம் என்பதே மறைந்து 12 மாதமும் அரிக்கும்.

அதனால்தான் காலண்டர் கேட்கிறேன். நகைக்கடை கொடுக்கிற மாதக் காலண்டர் போதும். தினசரிக் காலண்டர் வேண்டாம், அதைக் கிழித்துவிடுவீர்கள். ஞாயிறுதோறும் அந்த வாரத்து அரிப்புக்கு 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண். 0 என்றால் சாதாரண நாய். 10 என்றால் சாப்பாட்டை வைத்தாலும் விளையாடக் கூப்பிட்டாலும் நிறுத்தாமல் சொறிவது. ராத்திரி கட்டில் ஆடி வீட்டார் விழித்தால் அதையும் குறிக்கச் சொல்கிறேன். இரண்டு பருவம் ஓடியதும் அந்த எண்களில் ஒரு வடிவம் தெரியும். தாம்பரம் பக்கத்து லாப்ரடார் ஒன்றுக்கு மழையில் 4, மழை விட்ட மார்கழியில் 8. ஊருக்கே குறைகிற நேரத்தில் இவனுக்கு ஏன் ஏறுகிறது? கேட்டுக் கேட்டுப் பார்த்ததில், பனிக்காகப் பரணிலிருந்து இறக்கிய பழைய கம்பளியில் அவன் படுக்கிறான் என்று தெரிந்தது. கம்பளியை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்த பருத்தித் துணி விரிக்கச் சொன்னேன். அடுத்த மார்கழியில் 3-ஐத் தாண்டவில்லை. கம்பளி மட்டும்தான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த வருடம் மருந்தையும் முன்கூட்டியே தொடங்கியிருந்தோம்.

ஒன்று மட்டும் காரணமாக இருப்பது அபூர்வம் என்பதைத்தான் வீட்டாருக்குப் புரியவைக்கப் பாடுபடுகிறேன். ஒவ்வொரு நாய்க்கும் ஒரு குடம் இருக்கிறது என்று சொல்வேன். கொஞ்சம் மகரந்தம், கொஞ்சம் தூசி, நாலு தெள்ளு, கொஞ்சம் ஈஸ்ட். குடம் வழிந்தால்தான் அரிப்பு. குடத்தைக் காலியாக்க நம்மால் முடியாது. மகரந்தத்தை யார் நிறுத்துவது? தெள்ளையும் ஈஸ்ட்டையும் எடுத்துவிட்டால் மகரந்தம் இருந்தும் வழியாமல் நிற்கலாம்.

"ஒரு ஊசி போடுங்க, போன வருஷம் ஒரே ஊசியில நின்னுடுச்சு." இதைக் கேட்காத மழைக்காலம் இல்லை. ஸ்டீராய்டு கெட்ட மருந்தில்லை. பிரெட்னிசலோன் மாத்திரையைக் குறைந்த அளவில், சில நாட்களுக்கு, படிப்படியாகக் குறைத்துக் கொடுப்பது நல்ல வைத்தியம்தான். விலையும் மலிவு. வாரக்கணக்கில் உடம்பில் தங்கும் ஊசியைத்தான் நான் தவிர்க்கிறேன். மாத்திரையை நாளைக்கே குறைக்கலாம். போட்ட ஊசியைத் திருப்பி எடுக்க முடியாது. பசி, தாகம், வீட்டுக்குள் சிறுநீர், பானை வயிறு, மெலிந்த தோல், திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று என்று போகும் அந்த வழி. 2013-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஓக்லாசிட்டினிப் மாத்திரை ஒரு நாளுக்குள் அரிப்பைத் தணிக்கிறது. முதலில் இரண்டு வாரம் வரை தினம் இரு வேளை, பிறகு ஒரு வேளை. ஒரு வயது நிரம்பாத குட்டிக்குக் கூடாது. நாயின் எடை கூடக் கூட விலையும் ஏறுவதால், பெரிய நாய் வளர்ப்பவரிடம் பணக் கணக்கையும் வெளிப்படையாகப் பேசிவிடுவேன். சைக்ளோஸ்போரின் வேலை செய்ய 4 முதல் 6 வாரம் ஆகும். ஐப்பசியில் தொடங்கினால் கார்த்திகை முடிந்துவிடும்.

மருந்துக்கடை செட்டிரிசின் பற்றியும் கேட்பார்கள். நாய்களில் அதன் பலன் குறைவு. கொழுந்துவிட்டு எரியும் அரிப்பை அது தொடக்கூட முடியாது. அதைவிட எனக்குப் பயம், வீட்டிலிருக்கும் சளி மாத்திரையை எடுத்துக் கொடுப்பது. மூக்கடைப்பு மருந்தோ பாராசிட்டமாலோ சேர்ந்திருக்கும். சர்க்கரையில்லாத சிரப்பில் சைலிட்டால் இருக்கலாம். மூன்றுமே நாய்க்கு ஆபத்து.

குளியலில்தான் எனக்கு நம்பிக்கை அதிகம். குளோர்ஹெக்சிடினும் மைக்கோனசோலும் கலந்த ஷாம்பூ, பருவத்தில் வாரம் ஒன்றோ இரண்டோ முறை, வெந்நீர் வேண்டாம். நுரை தோலில் 10 நிமிடம் இருக்க வேண்டும். ஒருவர்கூட 10 நிமிடம் காத்திருப்பதில்லை என்பதால், போனில் இரண்டு இளையராஜா பாட்டு முழுசாக ஓடவிட்டு அதற்குப் பிறகு தண்ணீர் ஊற்றச் சொல்கிறேன். விரலிடுக்கு காயவேண்டும். நடைக்குப் போய்வந்ததும் பாதத்தையும் அடிவயிற்றையும் ஈரத்துணியால் துடைத்தால் ஒட்டிவந்த மகரந்தம் போகும். வேப்பிலைத் தண்ணீரால் கெடுதல் இல்லை, பெரிய பலனும் இல்லை. மஞ்சளைப் பூசி அழைத்துவந்தால் சிவப்பு எங்கே என்று எனக்குத் தெரியாது. ஈஸ்ட் பிடித்த தோலில் தேங்காய் எண்ணெய் வேண்டாம். எண்ணெய்ப் பசை அதற்குத் தீனி. டெட்டாலும் பினாயிலும் தரைக்கு, நாய்க்கு அல்ல. தரையைக்கூடப் பினாயிலால் துடைத்து நன்றாகக் காய்ந்த பிறகு நாயை விடுங்கள். ஈரத்தில் நடந்த பாதத்தைத்தான் அது பிறகு நக்கப்போகிறது.

"எப்போ முழுசா குணமாகும்?" என்று கேட்பவர்களிடம் குணமாகாது என்றுதான் சொல்கிறேன். கட்டுக்குள் வைக்கலாம். நன்றாகத் தூங்கி, நன்றாகத் தின்று, 15 வயது வரை வாழ்கிற ஒவ்வாமை நாய்கள் இருக்கின்றன.

உங்கள் நாய் போன மழையில் அரித்திருந்தால் இந்த வருடம் ஐப்பசிக்குக் காத்திருக்காதீர்கள். புரட்டாசியிலேயே, தோல் புண்ணாவதற்கு முன் உங்கள் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். காலண்டரையும், போனில் எடுத்த படங்களையும், இதுவரை கொடுத்த மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து குளிப்பாட்ட வேண்டாம். அழுக்கோடு வந்தால்தான் எங்களுக்கு வேலை சுலபம்.